நிற்கத் தெரியாத குருவி

புதிதாகப் பணி ஆணை வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, ஊசி போடுவதை என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டாம். அதை உங்கள் கல்லூரியில் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மாட்டின் எந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்பதை மாடே சொல்லிக்கொடுத்துவிடும். முப்பது வருடத்துக்கு மேல் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சரியாகச் செய்த வேலைகள் எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. தவறாகச் செய்தவைதான் மதியத் தூக்கத்தில் வருகின்றன. அப்படி அடிக்கடி வருவது ஒரு குருவி. கோழிமுட்டை அளவு எடைகூட அதற்கு இல்லை.

அப்போது ஒரகடம் பக்கம் ஒரு சின்ன மருந்தகத்தில் இருந்தேன். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருந்த தொழிற்சாலைகள். நேற்று வரை நெல் அறுத்த வீட்டுப் பையன் இன்று நீலச் சட்டையில் வந்து நிற்பான். கையில் காய்ச்சல் கண்ட ஆட்டுக்குட்டி இருக்கும். "மேடம், செகண்ட் ஷிப்ட் பஸ் வந்துடும், சீக்கிரம் பாத்துடுங்க" என்பான். நானும் சீக்கிரம் பார்த்தேன். அதுதான் என் பெருமை. மாடு வாசலில் நுழையும்போதே அதற்கு என்ன என்று சொல்லிவிடுவேன். கண் பார்க்கும்போதே கை மருந்துச் சீட்டு எழுதும். இப்படி ஒரு திறமை உங்களுக்கும் வரும். வந்தால் கொஞ்சம் பயப்படுங்கள்.

அது ஐப்பசி மாதம். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. பறவைக் காய்ச்சல் என்ற பேச்சு பத்திரிகைகளில் தினமும் அடிபட்ட வருடம் அது. எங்கோ வெளிநாடுகளில் கோழிகளைக் குழியில் போட்டு மூடும் படங்கள் வந்துகொண்டிருந்தன. நம் பக்கம் வரவில்லை. ஆனால் வலசை வரும் பறவைகள் கொண்டுவந்துவிடும் என்று எல்லோரும் வானத்தைச் சந்தேகமாகப் பார்த்த நேரம். எங்களுக்கும் மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதங்கள் வந்திருந்தன.

இரண்டு நாள் விடாமல் காற்றும் மழையும். மூன்றாம் நாள் காலை மழை நின்றது. அப்படி ஒரு காலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏரி நிரம்பிச் சாலைவரை வந்திருந்தது. தொழிற்சாலைக் கூரைகள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. ஷிப்ட் பேருந்து ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு போனபோது, கடலில் படகு போவதைப் பார்ப்பதுபோல இருந்தது. கடல் அங்கிருந்து எவ்வளவோ தூரம். ஆனாலும் காற்றில் லேசாக உப்பு வாசம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. மழைக்காலத்தில் மனம் இப்படித்தான் அலையும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

உள்ளே போய் உட்காருவதற்குள் கன்னியம்மா வந்துவிட்டாள். சேரப்பணஞ்சேரிப் பக்கத்துக்காரி. ஒரு தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிக் கொட்டகை போட்டு எண்பது கோழி வளர்த்தாள். அந்தத் தொழிற்சாலையின் கேண்டீனுக்கு முட்டை கொடுப்பவர்களில் அவளும் ஒருத்தி. அவள் மகளுக்கும் அங்கேதான் வேலை. கன்னியம்மா கோணிப்பையைத் தரையில் வைத்தாள். உள்ளே மூன்று செத்த கோழிகள்.

"காத்தால பாத்தா மூணும் மூலையில செத்துக் கெடக்குது டாக்டரம்மா. நேத்து நல்லாத்தான் துன்னுகினு இருந்துச்சிங்க. இன்னா ஆச்சின்னே தெரியல" என்றாள்.

அவள் பேசி முடிப்பதற்குள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதே தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி இறங்கினார். முகத்தில் துணி கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டியோடு ஒரு தொழிலாளி இறங்கினான். லோடிங் யார்டில் பாரம் ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளி, பெயர் சூசை, முப்பது வயதிருக்கும். அவன்தான் காலையில் அந்தப் பறவையை அடுக்கு மரச்சட்டங்களுக்கு நடுவில் கண்டெடுத்தவன்.

"மேடம், அர்ஜென்ட். இது எங்க காம்பவுண்டுக்குள்ள விழுந்திருக்கு. நிக்க முடியல. மூக்குல ஒழுகுது. ஆயிரம் பேர் சாப்பிடுற கேண்டீன் எங்களுது. நீங்க ரிப்போர்ட் குடுத்துட்டா நான் ஆக்‌ஷன் எடுத்துடுவேன்" என்றார் அதிகாரி.

பெட்டியைத் திறந்தேன். கரிக்கட்டை நிறத்தில் ஒரு பறவை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. இறக்கைகள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எடுத்து மேசையில் வைத்தேன். கால்கள் தாங்கவில்லை. கணுக்கால்வரை மேசையில் பதிய உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, மார்பால் தள்ளிக்கொண்டு இரண்டங்குலம் நகர்ந்தது. அலகின் மேலிருந்து தெளிவாக ஒரு சொட்டு நீர் உருண்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு சொட்டு. கையில் தூக்கியதும் வாயிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் போல எதையோ கக்கியது. பழைய பெட்டிக்குள் மூடிவைத்த கம்பளி மாதிரி ஒரு வாசனை.

கால் வாதம். மூக்கில் ஒழுக்கு. வாந்தி. பக்கத்துச் சுவருக்கு அப்பால் மூன்று கோழி சாவு. நீங்களாக இருந்தாலும் இதைத்தான் கூட்டியிருப்பீர்கள். பதினெட்டு வருடம் கோழிகளுக்குப் பார்த்த கண் எனக்கு. வெள்ளைக்கழிச்சல் நோய் என்றால் கோழிக்கு இப்படித்தான் கால் விழும், அந்தப் புதுக் காய்ச்சல் என்றாலும் இப்படித்தான் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். பேனாவை எடுத்து, 'பறவைக் காய்ச்சல் சந்தேகம்' என்று அறிக்கையின் முதல் வரியை எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் வாயாலும் சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

"கன்னியம்மா, கோழி ஒண்ணையும் வெளிய விடாதீங்க. முட்டை யாருக்கும் குடுக்காதீங்க. கொட்டகைக்குப் பின்னால ஆழமா ஒரு குழி வெட்டி வைங்க."

"குழியா? இன்னாத்துக்கு?"

"அந்தக் காய்ச்சலா இருந்தா எல்லாத்தையும் புதைக்க வேண்டி வரும். மூணையும் அறுத்துப் பாத்துட்டு, நானே வந்து சொல்றேன்."

கன்னியம்மா, "எம் பொண்ணும் அந்தக் கேண்டீன்லதான் துன்னுது" என்றாள். அதன்பிறகு கோணியை அங்கேயே விட்டுவிட்டு, தண்ணீருக்குள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். அவள் வீட்டில் தொலைபேசி கிடையாது. என்னிடமிருந்து சேதி வேண்டுமென்றால் நான்தான் போக வேண்டும்.

அவள் போன பிறகுதான் சூசை வாயைத் திறந்தான். அதிகாரி இருக்கிறாரே என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மேடம், அது சளி இல்ல. உப்புத் தண்ணி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காலைல நாக்குல தொட்டுப் பாத்தேன் மேடம்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "அறிவிருக்கா உனக்கு? ஊரே பயந்து கிடக்குது, நோய்ப் பறவையோட மூக்கை நக்கிப் பாத்தேன்னு வந்து நிக்கிறியே!" என்று கத்தினேன். அதிகாரி இரண்டடி பின்னால் நகர்ந்து துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். சூசை மட்டும் அசையவில்லை.

"நோய் இல்ல மேடம். இது நம்ம கடக்குருவில்லா. எனக்குத் தூத்துக்குடிப் பக்கம். ஆழத்துக்குப் போனா நித்தமும் பாப்போம். படகுக்குப் பின்னாலயே வரும். மீன் ஈரல கழுவித் தண்ணில ஊத்துனா எங்கிருந்துதான் வருமோ, அம்பது நூறுன்னு வந்துரும். கரைப்பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. கடத்தண்ணியக் குடிச்சிட்டு உப்ப மூக்கு வழியா ஒழுக விட்டுரும். அதான் அந்தச் சொட்டு. பயந்தா வயித்துல இருக்குற எண்ணெயக் கக்கும்."

"கால் ஏன் விழுந்திருக்கு?"

"விழல மேடம். அதுக்கு நிக்கத் தெரியாது. அது தண்ணி மேல நடக்குற குருவி."

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பாரம் ஏற்றுகிற ஒருவன் என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு என் நோய்க்கணிப்பைத் திருத்துகிறான். ஆனால் ஒன்று உறுத்தியது. பதினெட்டு வருடமாக நான் பார்த்த பறவையெல்லாம் தரையில் நின்ற பறவைதான். நிற்காத பறவை என்று ஒன்று இருக்கும் என்று யோசித்ததே இல்லை. அதனால் நிற்க முடியாததை எல்லாம் நோய் என்றே எண்ணியிருந்தேன். சூசையிடம், "சரி, எப்படிக் காட்டுவே?" என்றேன்.

அவன் பறவையை வாங்கிக்கொண்டு வெளியே போனான். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டி மழைநீரில் தளும்ப நின்றது. இரண்டு கையாலும் பறவையை அதில் விட்டான். மேசைமேல் கவிழ்ந்து கிடந்த அந்த ஜீவன் தண்ணீரில் நிமிர்ந்தது. கழுத்தை உயர்த்தியது. கால்கள் அடியில் துடுப்பாக அசைய, ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தபோது அந்த நீண்ட இறக்கைகள் தாமாக விரிந்தன. உடம்பு ஒரு விரற்கடை மேலே எழுந்தது. இரண்டு கால்களும் நீரின் மேல்தோலைத் தட்டித் தட்டி நடந்தன. மூன்று அடி, நான்கு அடி, தொட்டியின் மறுமுனைவரை. பிறகு மீண்டும் அமர்ந்தது.

மாட்டுத் தொட்டியில் கடலைப் பார்த்தேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள். செய்யுங்கள். அந்த நிமிடம் எனக்குத் தொழிற்சாலை இல்லை, அறிக்கை இல்லை, என்னைச் சுற்றி இருந்தது எல்லாமே தண்ணீராகத்தான் தெரிந்தது. அதிகாரிகூட முகத்துணியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து மூன்று கோழிகளையும் அறுத்துப் பார்த்தேன். வெள்ளைக்கழிச்சலில் இரைப்பையின் உட்புறம் ரத்தப் புள்ளிகள் நிற்கும். ஒன்றிலும் இல்லை. இறகுகள் சேற்றில் ஊறிக் கிடந்தன. நுரையீரலில் நீர். மழைக்குப் பயந்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அடியில் இருந்தவை மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலமும் நான் பார்க்கிற சாவுதான். பக்கத்தில் ஒரு புதுப் பறவை கிடந்ததால் கோணியைக்கூடப் பிரிக்காமல் வேறு கதை எழுதிவிட்டேன். மேசையில் முதலில் எது வருகிறதோ அதன் நிழல் அடுத்ததன்மேல் விழும். இதைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு என் வகுப்புத் தோழிக்குத் தொலைபேசி போட்டேன். அவள் சென்னையில் ஆசிரியை, பறவைப் பித்துப் பிடித்தவள். நான் சொல்லச் சொல்ல அவள் குரல் மாறிக்கொண்டே வந்தது.

"அலகு மேல குழாய் மாதிரி ஒட்டியிருக்கா?"

"இருக்கு. அதிலதான் சொட்டுது."

"வாலுக்கு மேலே?"

"வெள்ளைப் பட்டை. ரெண்டு விலா வரைக்கும் சுத்தி வருது."

"வால் நேரா வெட்டின மாதிரியா, நடுவுல பிளந்த மாதிரியா?"

"நேரா. காலை நீட்டினா வாலையும் தாண்டுது."

"அடியே, அந்த விரலை விரிச்சுப் பாத்தியா? நடுவுல இருக்கிற சவ்வு என்ன நிறம்?"

பார்க்கவில்லை. கால் முழுக்கத் தடவி எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்த்தவள், விரலை விரித்துப் பார்க்கவில்லை. கோழிக் காலில் விரிக்க என்ன இருக்கிறது? ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போய், குண்டூசி போலிருந்த அந்தக் கறுப்பு விரல்களை என் நகத்தால் மெல்லப் பிரித்தேன். நடுவே பளிச்சென்று மஞ்சள். முகத்துக்கு அரைத்த மஞ்சளைத் தொட்டு வைத்தது போல இருந்தது. உடம்பு முழுக்கக் கரியைப் பூசிக்கொண்டு, யாரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு நிறத்தை ஒளித்து வைத்திருந்தது.

"மஞ்சள்" என்று சொன்னேன். அவள் சொன்னாள்: "ஸ்டார்ம் பெட்ரல்னு சொல்லுவாங்க. அதிலயும் மஞ்சள் சவ்வுன்னா எதுன்னு சந்தேகமே வேண்டாம். தெற்கே பனிக்கண்டத்துல கல்லிடுக்குல முட்டை வைக்கிற குருவி அது. முட்டை வைக்க மட்டும்தான் தரைக்கு வரும், மத்த நாளெல்லாம் நடுக்கடல். இந்நேரம் தெற்கே போய்க்கிட்டு இருக்கணும். புயல் தூக்கிட்டு வந்து உன் மேசையில போட்டிருக்கு. சீக்கிரம் கடலுக்குக் கொண்டு போ."

அறிக்கையில் முதல் வரியை அடித்தேன். இப்படி எழுதினேன்: 'இது கடற்பறவை. கால் வாதம் இல்லை. மூக்கு நீர் இயல்பானது. கோழிகள் மழையில் நெரிசலால் இறந்தவை. எனினும் இந்தப் பறவையின் உடலில் என்னென்ன கிருமிகள் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. மாதிரிகள் அனுப்புகிறேன். முடிவு வரும்வரை முட்டையை நிறுத்திவைத்தால் போதும், கோழிகளை அழிக்கத் தேவையில்லை.' அரசுத் தாளில் 'எனக்குத் தெரியாது' என்று நான் எழுதிய முதல் தடவை அது. அதிகாரி அதைப் படித்துவிட்டு, "அப்ப கொட்டகையைக் காலி பண்ண வேணாமா? சுவத்துப் பக்கம் சேஃப்பா இருந்திருக்குமே" என்றார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். மனிதர் நல்லவர். சிரித்துவிட்டு, கடற்கரைக்குப் போக ஜீப்பைக் கொடுத்தார், சூசைக்கும் அன்றைக்கு அனுமதி கொடுத்தார்.

ஜீப்பில் ஏறும்போது சூசை கேட்டான்: "கோழிக்காரம்மாகிட்ட சொல்லிட்டீங்களா மேடம்?"

"திரும்பும்போது சொல்லிக்கலாம். குருவி தாங்காது" என்றேன்.

அது இரண்டாம் தவறு. அவள் கொட்டகை கடலுக்குப் போகும் சாலைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீருக்குள் அரை மணி நேரச் சுற்று. அந்த அரை மணி நேரம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதிகாரியிடமாவது சொல்லியனுப்பலாம் என்றுகூடத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், நான் ஒரு மயக்கத்தில் இருந்தேன். பனிக்கண்டத்துப் பறவை என் மடியில் இருக்கிறது. மூன்று கோழி எனக்கு மறந்துவிட்டது.

செங்கல்பட்டு தாண்டிச் சாலை பல இடங்களில் உடைந்திருந்தது. ஏரிகள் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே வெள்ளமாகக் கிடந்தன. மடியில் பெட்டி அவ்வப்போது லேசாக அசையும். சூசை பேசிக்கொண்டே வந்தான். பிறகு பேசுவதை நிறுத்திவிட்டான். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் ஜீப் நின்றபோது அவன் இறங்கவில்லை.

"நாலு வருசமாச்சு மேடம், கடலப் பாத்து" என்றான். "அண்ணன் போன படகு திரும்பல. அதுக்கப்புறம் எனக்குத் தண்ணின்னாலே ஆகல. அதான் கடலே இல்லாத ஊராப் பாத்து வேலைக்கு வந்தேன். இது அங்கயும் என்னத் தேடி வந்துருக்கு பாருங்க."

அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே இறங்கிப் பெட்டியை வாங்கிக்கொண்டான். புயல் ஓய்ந்த கடல் இன்னும் பழுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. காற்று திரும்பட்டும் என்றான். ஈரமணலில் உட்கார்ந்து காத்திருந்தோம், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அலையும் அலைக்கு நடுவில் இருக்கும் அமைதியும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பிறகு அவன் எழுந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். கைகளைத் திறந்தான். பறவை அவன் உள்ளங்கையில் ஒரு கணம் அப்படியே இருந்தது. அடுத்த அலை தணிந்ததும் கீழே சரிந்தது. விழுந்துவிட்டது என்று நினைத்தேன். விழவில்லை. இரண்டு கால்களும் நீரைத் தட்டின. ஒரு அலையின் முதுகில் ஏறி நடந்து, பள்ளத்தில் மறைந்து, அடுத்த அலையின் மேல் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. அப்புறம் அலைகள் மட்டும் இருந்தன. சூசை கரையேறவில்லை. முகத்தைக் கடல்நீரிலேயே கழுவிக்கொண்டு நின்றான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. என் பணிக்காலத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை என்று அப்போது நினைத்தேன்.

கன்னியம்மாவின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். செருப்பில் இன்னும் கடல்மணல் இருந்தது. சாயங்காலம் எண்பது கோழியும் அடையும்போது கொட்டகையில் ஒரு கூச்சல் இருக்கும். அது இல்லை. பின்பக்கம் போனேன். ஆழமாக, சுத்தமாக ஒரு குழி. கன்னியம்மாவின் கணவர் மண்வெட்டியோடு கரையில் நின்றிருந்தார். பாதிக்குமேல் கோழிகள் கழுத்து திருகப்பட்டுக் குழியில் செத்துக் கிடந்தன. கன்னியம்மா அடுத்த கோழியை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க! கன்னியம்மா, விடுங்க! நோயில்ல, ஒண்ணுமில்ல!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

கையிலிருந்த கோழியை அவள் விட்டாள். அது சிறகை உதறிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடியது. கன்னியம்மா குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எப்ப தெரியும் டாக்டரம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மத்தியானத்துக்கு முன்னாடி" என்றேன்.

"நானே வந்து சொல்றேன்னு சொன்னீங்க. நாலு மணி வரைக்கும் ரோட்டையே பாத்துகினு குந்தியிருந்தேன். நல்ல சேதியா இருந்தா ஓடியாந்து சொல்லியிருப்பாங்களே, சொல்ல மனசு வராமதான் வரல போலன்னு நெனச்சேன். ஆயிரம் புள்ளைங்க துன்ற எடம். எம் பொண்ணு துன்ற எடம். அதான் நானே ஆரம்பிச்சிட்டேன்."

அவள் திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை என்று இன்றுவரை எனக்கு ஆறவில்லை. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. தீபாவளிக்கு விற்க வைத்திருந்த கோழிகளை, டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாள் என்பதற்காகத் தன் கையாலேயே குழியில் இறக்கியிருக்கிறாள். நான் அடித்துத் திருத்தியது காகிதத்தில் இருந்த வரியை மட்டும்தான். அவள் காதில் போட்ட வரி காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது.

மண்வெட்டியை வாங்கி நானும் மண்ணைத் தள்ளினேன். வேறென்ன செய்வது? முடிந்ததும் கன்னியம்மா கை கழுவிக்கொண்டு வந்து, புடவைத் தலைப்பில் துடைத்தபடி கேட்டாள்: "அந்தக் குருவி இன்னா ஆச்சி? பொயச்சிகிச்சா?"

"பொழைச்சிடுச்சு. கடல்ல விட்டுட்டு வரேன்."

"அதுவாவது பொயச்சிதே" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த கோழிகளுக்குத் தீவனம் போடப் போனாள்.

சில நாள் கழித்து ஆய்வக முடிவு வந்தது. நோய் எதுவும் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குத்தான் போனேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அதுதான் என் வழக்கம். நாளைக்கு உங்கள் மேசைக்கும் எதுவோ வரும், நீங்கள் இதுவரை பார்க்காதது. விரலை விரித்துப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். தெரிந்த அன்று ஆனந்தமாகத்தான் இருக்கும், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கேயோ ஒருத்தி குழி வெட்டி வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கையைக் கழுவுங்கள், துடைத்துக்கொள்வதற்கு முன்னால் போய் அவளிடம் சொல்லிவிடுங்கள்.